மாம்பழம், ஒரு மாம்பழம், அந்த மாம்பழம்: டிட்டர்மினர்களைப் பல மொழிகளில் கையாள ஒரு முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, பாகலூர், வேப்பனஹள்ளி பக்கம் ஒரே கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். பள்ளியில் ஆங்கிலம் ஐந்தாவதாகச் சேர்கிறது. இந்த ஐந்தில் ‘தி’ என்ற ஆர்ட்டிக்கிள் (சொல்லப்படுவது கேட்பவருக்குத் தெரிந்ததா என்று காட்டும் சொல்) ஆங்கிலத்துக்கு மட்டுமே உண்டு. வகுப்பில் "தமிழில் ‘தி’ கிடையாது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பாதி உண்மைதான். ‘தி’ செய்கிற வேலையைத் தமிழும் செய்கிறது. ஆனால் அதற்கென்று தனிச்சொல் வைக்காமல் வேற்றுமை உருபு, சொல் நிற்கும் இடம், ‘உம்’, ‘தான்’ என்று பிரித்துக் கொடுத்திருக்கிறது. அதனால் சொல்லுக்குச் சொல் தேடினால் ஏமாற்றம்தான். ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து, அந்த வேலையை அடுத்த மொழி எங்கே வைத்திருக்கிறது என்று தேடுவதே இந்த வழிகாட்டியின் முறை.

பள்ளி ஆசிரியர், இருமொழி அறிவிப்பு எழுதுபவர், மொழிபெயர்ப்பவர், பக்கத்து மொழி கற்பவர் எல்லாரும் இதைப் பயன்படுத்தலாம். எடுத்துக்காட்டு வேண்டிய இடங்களில் பெரும்பாலும் மாம்பழத்தையே எடுத்துக்கொள்கிறோம். கிருஷ்ணகிரியில் வேறு எதை எடுப்பது! தெலுங்கு, கன்னட, உருதுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவதால் வல்லோசை, மெல்லோசை வேறுபாடு முழுதாகத் தெரியாது. பொருள் மாறும் இடங்களில் மட்டும் உச்சரிப்பைச் சொல்லியிருக்கிறோம்.

படி 1: எது டிட்டர்மினர் என்று பிரித்தெடுங்கள்

பெயர்ச்சொல்லோடு சேர்ந்து நின்று ‘எது, எத்தனை, யாருடையது, கேட்பவருக்குத் தெரிந்ததா’ என்ற கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் சொல்லும் சொல் டிட்டர்மினர். இந்த, அந்த, எந்த, ஒரு, சில, பல, எல்லா, ஒவ்வொரு, என், உங்கள், மூன்று எல்லாம் இந்த வகைதான். ‘நல்ல’, ‘பெரிய’, ‘புளித்த’ போன்றவை தன்மையைச் சொல்லும் அடைமொழிகள், அவை வேறு.

இரண்டையும் பிரிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. முன்னால் ‘ரொம்ப’ போட்டுப் பாருங்கள். ‘ரொம்ப நல்ல பழம்’ நிற்கும். ‘ரொம்ப அந்தப் பழம்’ நிற்காது. ‘பல’, ‘சில’ போன்ற அளவுச் சொற்களில் இந்தச் சோதனை அவ்வளவு கூர்மையாக வேலை செய்யாது. அங்கே ‘எத்தனை?’ என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

அடுத்து, தனித்து நிற்கும் சொல்லையும் பெயரோடு ஒட்டி நிற்கும் சொல்லையும் குழப்பக்கூடாது. ‘அது மாம்பழம்’ என்பது முழு வாக்கியம். ‘அந்த மாம்பழம்’ என்பது வாக்கியத்தின் ஒரு துண்டு. தமிழில் இதற்கு அது, அந்த என்று இரண்டு வடிவம். கன்னடத்தில் அது – ஆ, தெலுங்கில் அதி – ஆ, ஜப்பான் மொழியில் அரே – அனோ. ஆங்கிலத்தில் ‘தட்’, உருதுவில் ‘வோ’ ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கிறது. இந்தி அல்லது உருது பேசிப் பழகியவர் தமிழ் கற்கும்போது "அது பழம் குடுங்க" என்று கேட்பது இதனால்தான். அவரைத் திருத்த நீண்ட விளக்கம் தேவையில்லை: பின்னால் பெயர் வந்தால் ‘அந்த’, வராவிட்டால் ‘அது’.

படி 2: சுட்டுச் சொற்களை வரிசைப்படுத்துங்கள்

தமிழ்: இந்த, அந்த, எந்த
கன்னடம்: ஈ, ஆ, யாவ
தெலுங்கு: ஈ, ஆ, ஏ
உருது: யே, வோ, கௌன் ஸா
ஜப்பான்: கொனோ, சொனோ, அனோ, தொனோ

ஜப்பான் மொழியில் மட்டும் நான்கு இருப்பதைக் கவனியுங்கள். பேசுபவர் அருகில் இருப்பது கொனோ, கேட்பவர் அருகில் இருப்பது சொனோ, இருவருக்கும் தொலைவில் இருப்பது அனோ. பழந்தமிழிலும் அ, இ, உ என்று மூன்று சுட்டு இருந்தது. நம் பேச்சில் ‘உ’ போய்விட்டது; யாழ்ப்பாணத்தில் ‘உந்த’ இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜப்பான் மொழி கற்பவர் ‘சொனோ’வுக்கு ‘உந்த’வை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

தமிழில் எழுதும்போது பிழை வருவது பொருளில் அல்ல, ஒற்றில். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: அந்தப் பழம், இந்தக் கடை, எந்தச் சந்தை. ‘எல்லா’வுக்குப் பின்னும் மிகும்: எல்லாக் கடைகளும். ஒரு, சில, பல, ஒவ்வொரு, எத்தனை, அத்தனை இவற்றுக்குப் பின் மிகாது: ஒரு கடை, சில பழங்கள், பல தோப்புகள், எத்தனை கூடை. எண்களில் எட்டும் பத்தும் மட்டும் மிகும்: பத்துப் பேர், எட்டுக் கூடை. பெயர்ப்பலகை எழுதும்போது அதிகம் தவறுவது ‘எல்லா’வுக்குப் பின்தான்.

தெலுங்குச் செய்யுளிலும் இதே போன்ற ஒன்று உண்டு. ஆ, ஈ, ஏ மூன்றையும் ‘திரிகம்’ என்பார்கள். அடுத்த மெய் இரட்டிக்க, முன்னிருக்கும் நெடில் குறுகும். ஆ + காலமு ‘அக்காலமு’ ஆகும். நம் ‘அக்காலம்’ நினைவுக்கு வருகிறதல்லவா? அரபியில் இதற்குப் பக்கத்தில் வைக்கத்தக்க ஒரு மாற்றம் உண்டு. அங்கே ‘அல்’ என்பதுதான் ‘தி’. 28 எழுத்துகளில் 14-க்கு முன் அந்த ‘ல்’ அடுத்த எழுத்தாகவே மாறிவிடும். அல் கமர் என்பது நிலா. ஆனால் சூரியன் அஷ் ஷம்ஸ். ‘அப்துர் ரஹ்மான்’ என்ற பெயரில் நடுவில் உள்ள ‘ர்’ அந்த ஆர்ட்டிக்கிள்தான்.

எல்லையோரத்தில் மிக அதிகம் குழப்பும் சொல் ‘எந்த’. தமிழில் அது ‘பலவற்றுள் எது’ என்று கேட்கும். தெலுங்கில் ‘எந்த’ என்றால் ‘எவ்வளவு’. அங்கே ‘த’வை ‘பத்து’வில் வருவது போல வலித்துச் சொல்ல வேண்டும், நாம் மெலித்துச் சொல்கிறோம். அந்த, இந்த என்பவையும் தெலுங்கில் அவ்வளவு, இவ்வளவு என்றே பொருள்படும். ஆகவே தெலுங்கு பேசுபவர் பழத்தைக் காட்டி "இதி எந்த?" என்றால் விலை கேட்கிறார், "எந்தப் பழம்?" என்று திருப்பிக் கேட்காதீர்கள். நீங்கள் தெலுங்கில் ‘எந்தப் பழம்’ என்று கேட்க வேண்டுமானால் ‘ஏ பண்டு’. கன்னடத்தில் எவ்வளவு, எத்தனை இரண்டுக்கும் ‘எஷ்டு’. அது எட்டும் அல்ல, இஷ்டமும் அல்ல.

உருதுவில் வேறொரு பொறி இருக்கிறது. பெயருக்குப் பின் மே, கோ, ஸே போன்ற உருபு வந்தால் முன்னிருக்கும் சுட்டும் உருமாறும். ‘யே துகான்’ என்பது இந்தக் கடை. ‘இந்தக் கடையில்’ என்றால் ‘இஸ் துகான் மே’. வோ என்பது உஸ் ஆகும். தமிழில் அந்த என்பது எந்த வேற்றுமைக்கும் அசையாது என்பதால், நாம் உருதுவிலும் ‘யே’வை அப்படியே விட்டுவிடுகிறோம். ஜெர்மனில் இது இன்னும் கடுமை. ஆப்பிள் எழுவாயானால் டேர் ஆப்ஃபெல், செயப்படுபொருளானால் டேன் ஆப்ஃபெல், ‘க்கு’ என்ற பொருளில் டேம் ஆப்ஃபெல். அங்கே பெயர் அப்படியே நிற்க, வேற்றுமையை ஆர்ட்டிக்கிள் சுமக்கிறது. அதனால் ஜெர்மன் பெயர்ச்சொல்லை ஆர்ட்டிக்கிள் இல்லாமல் மனப்பாடம் செய்வது வீண் வேலை.

படி 3: ‘தெரிந்ததா, தெரியாததா’ என்பதைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. நேரம் எடுத்துப் படியுங்கள்.

தமிழில் முதல் தடயம் இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’. ‘மாம்பழம் வாங்கினேன்’ என்றால் ஏதோ மாம்பழம். ‘மாம்பழத்தை வாங்கினேன்’ என்றால் உங்களுக்கும் எனக்கும் தெரிந்த, ஏற்கெனவே பேச்சில் இருக்கும் பழம். ‘ஒரு மாம்பழத்தை வாங்கினேன்’ என்றால் கேட்பவருக்குத் தெரியாது. ஆனால் சொல்பவர் மனத்தில் குறிப்பிட்ட ஒன்று இருக்கிறது, மேலே ஏதோ சொல்லப் போகிறார். மனிதர் என்றால் ‘ஐ’ பெரும்பாலும் கட்டாயம்: ‘டாக்டரைப் பார்த்தேன்’. அங்கும் விதிவிலக்கு ஒன்று நம் எல்லாருக்கும் தெரியும். ‘பெண் பார்க்கப் போனார்கள்’ என்றால் வரன் தேடும் வேலை. ‘பெண்ணைப் பார்க்கப் போனார்கள்’ என்றால் தெரிந்த ஒரு பெண்ணைச் சந்திக்கும் வேலை. ஓர் ‘ஐ’தான் வித்தியாசம்.

துருக்கி மொழி அச்சு அசலாக இப்படித்தான். கிதாப் ஆல்தம் என்றால் புத்தகம் வாங்கினேன். கிதாபி ஆல்தம் என்றால் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். கன்னடத்திலும் ‘மாவின ஹண்ணு தந்தே’, ‘மாவின ஹண்ணன்னு தந்தே’ என்ற வேறுபாடு இதுவே. உருதுவில் இந்த வேலையைக் ‘கோ’ செய்கிறது.

இரண்டாம் தடயம் சொல்வரிசை. ‘வாசலில் மாடு நிற்கிறது’ என்றால் ஏதோ மாடு. ‘மாடு வாசலில் நிற்கிறது’ என்றால் நம் மாடு, தேடிக்கொண்டிருந்த மாடு. சீன மொழியிலும் அப்படியே. ‘கேரென் லாய் லே’ என்றால் எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்டார். ‘லாய் கேரென் லே’ என்றால் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார். வினைக்கு முன் நின்றால் தெரிந்தவர், பின் நின்றால் தெரியாதவர்.

மூன்றாம் வழி, பெயரின் வாலில் ஒட்டுவது. வங்காளியில் போய் என்றால் புத்தகம், போய்டா என்றால் அந்தத் தெரிந்த புத்தகம், ஏக்டா போய் என்றால் ஒரு புத்தகம். சுவீடன் மொழியில் ஹூஸ் வீடு, ஹூசெட் அந்த வீடு. ஹோசூரில் வேலை செய்யும் வங்காளிகளோடு பேசிப் பழகுபவர்கள் ‘டா’வை ‘அடா’ என்ற விளியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது ஆர்ட்டிக்கிள்.

இனி ஆங்கிலம். பெயர்ச்சொல்லைப் பார்த்ததும் இந்த வரிசையில் கேளுங்கள்.

முதலில், அது எண்ணத்தக்கதா, ஒருமையா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது வெறுமனே நிற்க முடியாது. எ, தி, மை, திஸ் என்று ஏதாவது ஒன்று முன்னால் வேண்டும். ‘ஹி இஸ் டீச்சர்’ தவறாவது இங்கேதான். பிரெஞ்சில் தொழிலைச் சொல்லும்போது ஆர்ட்டிக்கிள் வராது. ‘இல் எ ப்ரொஃபெஸர்’ என்றால் போதும் (இந்த ‘எ’ வினைச்சொல், ஆர்ட்டிக்கிள் அல்ல), தமிழின் ‘அவர் ஆசிரியர்’ போல. இதன் மறுபக்கம், ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போது ‘அவர் ஒரு ஆசிரியர்’ என்று வரிக்கு வரி ‘ஒரு’ முளைப்பது. பத்திரிகைத் தமிழில் இது களை போலப் பரவிவிட்டது. ‘அவர் ஆசிரியர்’ என்று படித்துப் பாருங்கள். பொருள் குறையாவிட்டால் ‘ஒரு’வைப் பிடுங்கிவிடலாம்.

அடுத்து, எதைச் சொல்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் தி. தெரிவதற்கு நான்கு காரணங்கள் உண்டு. முன்பே சொல்லியிருக்கலாம்: "2004-இல் ஒரு புதிய மாவட்டம் பிறந்தது, அந்த மாவட்டத்தின் தலைநகர் கிருஷ்ணகிரி" என்பதில் முதல் மாவட்டத்துக்கு எ, இரண்டாவதுக்கு தி. உலகத்தில் அல்லது அந்த இடத்தில் ஒன்றே இருக்கலாம்: தி சன், தி கலெக்டர். பின்னால் வரும் சொற்கள் அடையாளம் காட்டலாம்: ‘நேற்று வாங்கிய மாம்பழங்கள்’ என்பதை ஆங்கிலத்தில் ‘தி’ போட்டே தொடங்க வேண்டும். நான்காவதுதான் நம்மவர்கள் அதிகம் விடுவது: முழுப்பொருளைச் சொன்னபின் அதன் உறுப்பு தானாகவே தெரிந்ததாகிவிடும். ‘பைக் வாங்கினேன், பிரேக் சரியில்லை’ என்பதில் பைக்குக்கு எ. பிரேக் முதன்முறை வந்தாலும் தி.

கேட்பவருக்குத் தெரியாது, ஒருமை என்றால் எ அல்லது ஆன். பன்மை அல்லது எண்ணமுடியாதது என்றால் சம், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

இனம் முழுவதையும் சொல்வது தனிக்கதை. ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’ என்று தமிழில் ஒருமையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஐ லைக் மேங்கோஸ்: பன்மை, ஆர்ட்டிக்கிள் இல்லை. பிரெஞ்சில் ழேம் லே மாங்: பன்மை, ஆர்ட்டிக்கிள் கட்டாயம். மூன்று மொழியும் மூன்று வழி. பிரெஞ்சைப் பார்த்து ஆங்கிலம் எழுதினால் ‘தி மேங்கோஸ்’ வந்து, குறிப்பிட்ட கூடையில் இருக்கும் பழங்கள் என்று பொருள் மாறும்.

எ, ஆன் தேர்வு எழுத்தைப் பார்த்து அல்ல, ஒலியைப் பார்த்து. ஆன் ஹவர், எ யுனிவர்சிட்டி, ஆன் எம்.எல்.ஏ., எ யு.பி.எஸ். தமிழ் வாய்க்கு இது ஏன் வழுக்குகிறது என்பதற்குக் காரணம் உண்டு: பேச்சில் எ, இ ஒலிகளுக்கு முன் மெல்லிய ‘ய்’யும், ஒ, உ ஒலிகளுக்கு முன் ‘வ்’வும் சேர்த்துவிடுகிறோம். ‘எக்’ என்பது ‘யெக்’ என்று வந்தால் ‘எ’ போதும் என்றே காது சொல்லும். முதலில் அந்த ‘ய்’யை நீக்கிச் சொல்லப் பழக்குங்கள், ஆன் தானே வரும். தமிழின் ஒரு, ஓர் விதியும் ஒலிதான்: ஓர் ஊர், ஒரு தோப்பு. பேச்சில் எல்லாமே ‘ஒரு’. அச்சில் இரண்டில் எந்த முறையை எடுத்தாலும் ஒரே கட்டுரைக்குள் மாற்றாதீர்கள்.

வரலாறு ஒரு வரியில்: ஆங்கிலத்தின் தி ‘அந்த’ என்ற பழைய சுட்டிலிருந்தும், ஆன் ‘ஒன்று’ என்ற எண்ணிலிருந்தும் வந்தவை; பிரெஞ்சின் ல, லா லத்தீனின் ‘அந்த’விலிருந்து வந்தவை. லத்தீனில் ஆர்ட்டிக்கிளே இல்லை.

படி 4: எண்ணுங்கள், அளவிடுங்கள்

முதலில் எண்ணத்தக்கதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் ஃபர்னிச்சர், லக்கேஜ், அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஜாகரி எல்லாம் எண்ணமுடியாதவை. ‘ஆன் அட்வைஸ்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்பவை வினாத்தாளில் மட்டுமல்ல, கடைப் பலகைகளிலும் இருக்கின்றன. திருத்த ஓர் அளவுச்சொல் சேருங்கள்: எ பீஸ் ஆஃப் அட்வைஸ். தமிழிலும் வெல்லத்தை நேராக எண்ணுவதில்லையே. ஓர் அச்சு வெல்லம், இரண்டு மூட்டை புளி என்கிறோம். ஜப்பான், தாய்லாந்து மொழிகள் எண்ணத்தக்கவற்றுக்கும் இந்த அளவுச்சொல்லைக் கேட்கும். ஜப்பானில் மூன்று மாம்பழம் என்றால் ‘சன் கோ’. பென்சிலானால் ‘சன் போன்’.

அடுத்து, எண்ணுக்குப் பின் பன்மை வேண்டுமா? தமிழில் அஃறிணைக்குத் தேவையில்லை: மூணு மாம்பழம். துருக்கியிலும் தேவையில்லை. ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் வேண்டும்: ரெண்டு பண்ட்லு. ‘த்ரீ மேங்கோ’ என்று பையன் எழுதினால் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். தமிழ் விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான்.

மனிதரை எண்ணும்போது தெலுங்கும் கன்னடமும் வேறு எண்ணே வைத்திருக்கின்றன. தெலுங்கில் பழம் என்றால் ரெண்டு, மூடு, நாலுகு; ஆள் என்றால் இத்தரு, முக்குரு, நலுகுரு. ஏழு வரை இப்படிப் போகும். எட்டிலிருந்து பேச்சில் எண்ணோடு ‘மந்தி’ சேர்ப்பார்கள். ‘எந்தமந்தி’ என்றால் எத்தனை பேர். குரங்குக் கணக்கு அல்ல. கன்னடத்தில் இப்பரு, மூவரு. பேச்சில் மூரு ஜன. ‘ரெண்டு அக்கலு’ என்று தெலுங்கில் சொன்னால் அக்காக்களைப் பொருள் போல எண்ணியதாகிவிடும். ‘இத்தரு அக்கலு’ என்க. எத்தனை, சில, எல்லா என்பவையும் தெலுங்கில் இப்படியே பிரியும். பொருளுக்கு என்னி, கொன்னி, அன்னி. மனிதருக்கு எந்தமந்தி, கொந்தமந்தி, அந்தரு.

தமிழின் ‘ஒரு’வுக்கு இன்னொரு வேலை உண்டு: ‘ஒரு பத்துப் பேர் வந்தாங்க’. இங்கே அது ‘சுமார்’. தெலுங்கில் ‘ஒக பதி மந்தி’, கன்னடத்தில் ‘ஒந்து ஹத்து ஜன’ என்று அப்படியே வைக்கலாம். ஆங்கிலத்தில் ‘எ டென் பீப்பிள்’ ஆகாது; அபவுட் டென், அல்லது சம் டென். இந்தியிலும் உருதுவிலும் ‘கோயி தஸ் லோக்’.

‘ஃபியூ’, ‘எ ஃபியூ’ வேறுபாட்டைச் ‘சில’ என்ற ஒரே சொல்லால் விளக்க முயல்வதுதான் வகுப்பில் நடக்கும் தவறு. எ ஃபியூ என்றால் ‘சிலர் வந்தார்கள்’. ஃபியூ என்றால் ‘சிலர்தான் வந்தார்கள்’. ‘தான்’ சேர்ந்தால் குறை தொனிக்கும். லிட்டில், எ லிட்டில் என்பதற்கும் இதே சாவி.

படி 5: எல்லா, ஒவ்வொரு, எந்த

அரசாணை, சுற்றறிக்கை, சங்க அறிவிப்பு எழுதுபவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். ‘எல்லா மாணவர்களும் ஒரு மரம் நட வேண்டும்’ என்றால் பள்ளி முழுவதற்கும் ஒரே மரமா, தலைக்கு ஒன்றா? ‘ஒவ்வொரு மாணவரும் ஒரு மரம்’ அல்லது ‘ஆளுக்கு ஒரு மரம்’ என்று எழுதினால் சண்டை இல்லை. ஒவ்வொரு என்பதற்குப் பின் ஒருமைதான் வரும். ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்பதும் ‘எவ்ரி ஸ்டூடண்ட்ஸ்’ என்பதும் ஒரே பிழையின் இரண்டு முகம். தெலுங்கின் பிரதி, உருதுவின் ஹர் இரண்டும் ஒருமையே கேட்கும்.

‘எல்லா’ வந்தால் பெயரின் கடைசியில், வேற்றுமை உருபுக்கும் பின்னால், ‘உம்’ வர வேண்டும்: எல்லாக் கடைகளிலும், எல்லாக் கூடைகளையும். ‘எல்லா கடைகளில் கிடைக்கும்’ என்ற விளம்பரத்தில் ஒற்று, உம் இரண்டும் போயிருக்கின்றன.

எதிர்மறை இன்னும் ஆபத்து. ‘எல்லாரும் வரவில்லை’ என்பதை ஒருவரும் வரவில்லை என்றும், சிலர் வரவில்லை என்றும் படிக்கலாம். கூட்டக் குறிப்பேட்டில் இப்படி எழுதாதீர்கள். ‘யாரும் வரவில்லை’ அல்லது ‘சிலர் வரவில்லை’ என்று பிரித்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் முதலாவது நோபடி, இரண்டாவது நாட் ஆல்.

‘எனி’, ‘சம்’, ‘நோ’ மூன்றையும் தமிழ் ‘எந்த’, ‘ஏது’ என்ற வினாச்சொற்களின் வாலை மாற்றியே முடித்துவிடுகிறது. எந்தக் கடையிலாவது வாங்கு: எதுவானாலும் ஒன்று. ஏதோ ஒரு கடையில் வாங்கினான்: ஒன்று உண்டு, எது என்று தெரியாது. எந்தக் கடையிலும் இல்லை: ஒன்றிலும் இல்லை. கன்னடத்தில் யாவுதாதரூ, யாவுதோ, யாவ அங்கடியல்லூ இல்ல. தெலுங்கில் ஏதைனா, ஏதோ, ஏ ஷாபுலோனூ லேது. பொறி ஒன்றே, வால்தான் வேறு. ஆதலால் இந்த மூன்று மொழிக்குள் மாற்றும்போது ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகவே கூடாது. எனி, சம் என்று போய்த் திரும்பினால் ‘ஏதோ’வும் ‘ஏதாவது’வும் கலந்துவிடும்.

படி 6: யாருடையது

‘நம் ஊர்’ என்றால் கேட்பவரும் சேர்த்து. ‘எங்கள் ஊர்’ என்றால் அவர் நீங்கலாக. தெலுங்கில் மன ஊரு, மா ஊரு. கன்னடத்தில் இரண்டுக்கும் நம்ம, உருதுவில் ஹமாரா, ஆங்கிலத்தில் அவர். கன்னடத்திலிருந்து தமிழாக்குபவர் ‘நம்ம’வைப் பார்த்ததும் ‘நம்’ என்று எழுதிவிடாமல், யாரிடம் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

உருதுவில் உடைமைச் சொல், உடையவரின் பாலை அல்ல, உடைமையின் பாலைப் பின்பற்றும்: மேரா கர், மேரீ கிதாப். பிரெஞ்சிலும் அப்படியே. ஆங்கிலத்தில் உடையவரின் பால். அதோடு ஆங்கிலம் உடலுறுப்புக்கும் உடைமை கேட்கும், தமிழ் கேட்காது. ‘அவள் தன் கைகளைக் கழுவினாள்’ மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. ‘கை கழுவினாள்’ போதும்.

‘இந்த என் வீடு’ என்று தமிழில் அடுக்கலாம். ஆங்கிலத்தில் திஸ், மை இரண்டும் ஒரே இருக்கைக்கு உரியவை, ஒன்றுதான் உட்காரும். இரண்டும் வேண்டுமென்றால் திஸ் ஹவுஸ் ஆஃப் மைன்.

படி 7: வரிசையைச் சரிபாருங்கள்

சுட்டு, எண், தன்மை, பெயர்: இந்த மூன்று பெரிய மாம்பழங்கள். 1963-இல் மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் வகுத்த பொதுவிதிகளில் 20-ஆவது இதைப் பற்றியது. இவை மூன்றும் பெயருக்கு முன்னால் வந்தால் சுட்டு, எண், தன்மை என்ற வரிசைதான். பின்னால் வந்தால் அதே வரிசை அல்லது நேர்த் தலைகீழ் என்றார். தாய்லாந்து மொழி தலைகீழ் வகை: மாமுவாங் யாய் சாம் லூக் நீ, அதாவது மாம்பழம் – பெரிய – மூன்று – லூக் – இந்த. நடுவில் உள்ள லூக் பழத்துக்கான அளவுச்சொல்.

ஆங்கிலத்தில் இதற்கும் முன்னால் ஆல், போத், ஹாஃப் வரும்: ஆல் தீஸ் த்ரீ பிக் மேங்கோஸ். தமிழில் அந்த ‘ஆல்’ கடைசிக்குப் போய் ‘உம்’ ஆகிவிடும்: இந்த மூன்று பெரிய மாம்பழங்களையும். எண்ணைப் பின்னால் தள்ளி ‘மாம்பழம் மூன்றையும்’ என்றும் சொல்லலாம், ஆங்கிலத்தில் முடியாது.

படி 8: ஊர், ஆறு, மலைப் பெயர்கள்

நம் மாவட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இது தினசரித் தேவை. ஊர்ப்பெயருக்கு தி வராது: தர்மபுரி, பாலக்கோடு, ஹோசூர். ஆற்றுக்கு வரும்: தி காவேரி, தி தென்பெண்ணை. மலைத்தொடருக்கு வரும்: தி ஈஸ்டர்ன் காட்ஸ், தனி மலைச் சிகரத்துக்கு வராது. ‘லேக்’ சேர்ந்த ஏரிப் பெயருக்குப் பொதுவாக வராது. அருவிப் பெயரில் ஒகேனக்கல் ஃபால்ஸ் என்று தி இல்லாமல் எழுதுவதே வழக்கம். அணைக்கு வாக்கியத்தில் வரும்: தி கிருஷ்ணகிரி டேம். பெயர்ப்பலகையிலும் தலைப்பிலும் எந்த தி-யும் தேவையில்லை. பலகையில் ‘கிருஷ்ணகிரி டேம்’ என்று இருப்பதைக் கட்டுரைக்குள் அப்படியே எடுத்துப் போடும்போதுதான் தி விடுபடுகிறது.